கப்பலில் போய் ஒரு பகல் விசாகப்பட்டினம்: முட்டி வலியுள்ள அப்பா அம்மாவைக் கூட்டிப் போகிறவர்களுக்கு

ஆந்திர எல்லையில் உள்ள நகரி, புத்தூர், சத்தியவேடு, சித்தூர் பக்கத்திலிருந்து அப்பா அம்மாவைச் சென்னையில் கப்பல் ஏற்றி, விசாகப்பட்டினத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு வரலாம் என்று நினைக்கிறீர்களா? நல்ல யோசனைதான். ஆனால் கப்பல் விளம்பரத்தில் வருகிறவர்கள் எல்லாரும் இருபத்தைந்து வயதுக்காரர்கள். நமக்குத் தெரிய வேண்டியது எதுவும் அதில் இருக்காது. எத்தனை படி, உட்கார எங்கே இடம், கழிப்பறை எவ்வளவு தூரம், வண்டி எதுவரை போகும் என்பதையெல்லாம் ஒவ்வொருவரிடமாகக் கேட்டு அலைந்துதான் நான் தெரிந்துகொண்டேன். அப்பா எழுபதைத் தாண்டியவர், தறிக்குழியில் உட்கார்ந்தே இடுப்பு போனவர். அம்மாவுக்கு இரண்டு முட்டியிலும் தேய்மானம், கூடவே சர்க்கரை. உங்கள் வீட்டிலும் ஏறக்குறைய இதே நிலைதான் என்றால் மேலே படியுங்கள்.

வைசாக் என்று சுருக்கிச் சொல்கிற விசாகப்பட்டினம், மலையும் கடலும் ஒட்டிக் கிடக்கிற ஊர். பார்க்கத் தகுந்த இடங்களில் பாதி ஏதாவது ஒரு குன்றின் மேல்தான் இருக்கிறது. கப்பல் நிற்பதோ ஒரு பகல். அதனால் டிக்கெட் எடுக்கும் முன்பே ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: ஒரு மலை, ஒரு கடற்கரை, அவ்வளவுதான். அந்த மலையிலும் வண்டி ஏற வேண்டும், பெற்றோர் ஏறக்கூடாது.

1. தேதியைப் பஞ்சாங்கத்தோடு வைத்துப் பாருங்கள்

சென்னை–விசாகப்பட்டினம் தடத்தில் கோர்டேலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் 2022 ஜூனில் ஓடத் தொடங்கியது. வருஷம் முழுக்க ஓடுவதில்லை. பெரும்பாலும் ஜூன், ஜூலையை ஒட்டிய பருவத்தில்தான் சென்னைக்கு வருகிறது. சில பயணங்கள் புதுச்சேரியையும் தொட்டு வரும், சில இலங்கைக்குப் போகும். எந்தத் தேதியில் எந்த ஊர் என்பது வருஷா வருஷம் மாறும். பழைய அட்டவணையை யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதை நம்பி லீவு போட வேண்டாம்.

தேதி பார்க்கும்போது நான்கு நாள்களைக் கவனியுங்கள்.

ஆடிக் கிருத்திகை முதலாவது. நகரியிலிருந்து சென்னைக்குப் போகிற சாலை திருத்தணி வழியாகத்தான். அந்த நாள்களில் நம் பக்கத்துக் காவடிக்காரர்கள் எல்லாரும் அதே சாலையில்தான் இருப்பார்கள். கப்பல் ஏறும் நாள் அதோடு மோதினால் முந்தின நாளே சென்னைக்குப் போய்விடுங்கள்.

இரண்டாவது, வைசாக்கில் மலைமேல் நரசிம்மர் கோயில் உள்ள சிம்மாசலத்தின் கிரிப் பிரதட்சணம். குரு பௌர்ணமியை ஒட்டி, பெரும்பாலும் ஜூலையில் வரும். மலையைச் சுற்றி 32 கி.மீ. தூரம் லட்சக்கணக்கான பேர் நடந்தே வருவார்கள். அந்தப் பாதை வைசாக் நகருக்குள்ளும் கடற்கரைப் பக்கமும் புகுந்து போவதால் போக்குவரத்தையே திருப்பி விட்டுவிடுவார்கள். நடக்கிறவர்களுக்குப் புண்ணியம், டாக்சியில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நரகம். கப்பல் பருவமும் இதுவும் ஒரே காலத்தில் வருவது நம் கெட்ட நேரம்.

மூன்றாவது, அட்சய திருதியை. சிம்மாசலத்தில் அன்றைக்குத்தான் சந்தனக்காப்பைக் களைந்து மூலவரை நிஜரூபத்தில் காட்டுவார்கள். வருஷத்துக்கு ஒரே ஒரு நாள். பக்தி எவ்வளவு இருந்தாலும் முட்டி வலியோடு அந்தக் கூட்டத்தில் நிற்க முடியாது.

நான்காவது, திங்கட்கிழமை. கடற்கரையில் உள்ள நீர்மூழ்கிக் கப்பல் அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. பேரப் பிள்ளைகளும் கூட வந்தால் இது பெரிய விஷயம்.

2. பெயர், பிறந்த தேதி, அடையாள அட்டை

எல்லைப் பக்கத்துக்காரர்களுக்கென்றே உள்ள தலைவலி இது. நம் வீடுகளில் ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருக்கும். தமிழ் வழக்கப்படி அப்பா பெயரின் எழுத்து இனிஷியலாக இருக்கும். ஆந்திரப் பள்ளிச் சான்றிதழில் வீட்டுப் பெயர் முன்னால் ஏறியிருக்கும். ஆதாரில் பதிவு செய்த பையன் தெலுங்கில் கேட்டு ஆங்கிலத்தில் அடித்த எழுத்துக்கூட்டல் ஒன்று தனியாக இருக்கும். எங்கள் டிக்கெட்டைப் போட்டுக் கொடுத்த முகவர், அப்பாவின் பெயரைப் போனில் கேட்டபடி இனிஷியலோடு போட்டுவிட்டார். ஆதாரில் இனிஷியலே கிடையாது, விரித்த பெயர்தான். அதைத் திருத்தி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது, அதற்குத் தனியாகக் காசும் கேட்டார்கள்.

நீங்கள் இப்படிச் செய்யுங்கள். கப்பலுக்கு எந்த அட்டையைக் கையில் கொண்டு போகப் போகிறீர்களோ அதன் படத்தை முகவருக்கு அனுப்பி, அதில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து டிக்கெட் போடச் சொல்லுங்கள். பிறந்த தேதியையும் அதிலிருந்தே எடுக்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்து ஆள்கள் பலருக்கு ஆதாரில் ஒரு தேதியும் வாக்காளர் அட்டையில் வேறு தேதியும் இருக்கும். வெப் செக்-இன்னில் ஒன்றைப் போட்டுவிட்டுத் துறைமுகத்தில் மற்றதை நீட்டினால் கேள்வி வரும். ஆதாரைத் திருத்த நினைத்தால் பயணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள்.

இந்தியத் துறைமுகங்களை மட்டும் தொடும் பயணத்துக்கு, இந்தியக் குடிமக்கள் அரசு கொடுத்த புகைப்பட அடையாள அட்டை ஒன்றை வைத்திருந்தால் போதும். ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் இவற்றில் ஒன்று. பான் கார்டை மட்டும் நம்பிப் போகாதீர்கள். இலங்கையைத் தொடும் பயணம் என்றால் கதை வேறு: பாஸ்போர்ட் கட்டாயம், அதில் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி மிச்சமிருக்க வேண்டும், இலங்கைக்கான மின்னணு பயண அனுமதியும் வேண்டும். வயதானவர்களோடு முதல் தடவை போகிறவர்கள் இந்தியக் கரையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அசல் அட்டையையே கொண்டு போங்கள். செல்போனில் படம், ஜெராக்ஸ் எல்லாம் பையில் இருக்கட்டும், ஆனால் கேட்டில் நிற்கும் காவலர் அதை ஏற்றுக்கொள்வார் என்று எதிர்பார்க்கக் கூடாது.

3. கப்பலில் அறை

விலை குறைவு என்று கடைசி மூலையில் உள்ள அறையைப் பிடிக்காதீர்கள். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் ஆட்டம் குறைவு. முன்முனையும் மேல்தளமும்தான் அதிகம் ஆடும். ஜூன், ஜூலையில் வங்கக் கடல் அமைதியாக இருக்காது என்பதால் இது முக்கியம். அறை லிஃப்டுக்குப் பக்கத்தில் இருக்கும்படி கேளுங்கள். நடைபாதை நீளமானது, சாப்பாட்டுக் கூடம் மறுமுனையில் இருக்கும், ஒரு நாளைக்கு நாலைந்து முறை போய்வர வேண்டியிருக்கும்.

பழைய கப்பல்களில் குளியலறை வாசலில் ஒரு நிலைப்படி உயரமாக நிற்கும். எம்பிரஸ் 1990இல் கட்டிய கப்பல். ராத்திரி தூக்கக் கலக்கத்தில், கப்பலும் ஆடிக்கொண்டிருக்க, அந்தப் படியில் கால் தடுக்கினால் முடிந்தது. எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டு பக்கத்தில்தான் இருக்கிறது என்கிற நம் ஊர்த் தைரியம் நடுக்கடலில் உதவாது. சக்கர நாற்காலி போகும்படி அமைத்த அறைகள் எல்லாக் கப்பலிலும் சிலவே இருக்கும், அவை சீக்கிரம் போய்விடும். வேண்டுமென்றால் டிக்கெட் போடும்போதே கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். கிடைக்கவில்லையா? ராத்திரி விளக்கு ஒன்றையும் குளியலறைக்கு வழுக்காத ரப்பர் விரிப்பு ஒன்றையும் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள்.

நீங்கள் பெற்றோரின் பக்கத்து அறையிலாவது இருக்க வேண்டும். ஒரே அறையில் மேல் படுக்கையில் நீங்களும் கீழே அவர்களும் படுத்தால் காசு மிச்சம், ஆனால் அறை உள்ளங்கை அகலம்தான்.

4. காசுக் கணக்கு

விளம்பரத்தில் போடுகிற தொகை ஓர் ஆளுக்கு, அதுவும் இருவர் ஓர் அறையில் தங்கினால். துறைமுகக் கட்டணம், சேவைக் கட்டணம், ஜி.எஸ்.டி. எல்லாம் அதன் மேல் ஏறும். முகவரிடம் பேசும்போது "எல்லாம் சேர்த்து கடைசித் தொகை எவ்வளவு" என்று மட்டும் கேளுங்கள், வேறு எதுவும் கேட்க வேண்டாம். ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும் என்பதையும் தேதிவாரியாக வாங்கி வையுங்கள். வயதானவர்கள் விஷயத்தில் கடைசி வாரத்தில் எது வேண்டுமானாலும் நடக்கும்.

கப்பலில் பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் சாப்பாடு டிக்கெட்டில் அடங்கும். குளிர்பானம், தனி உணவகம், வைஃபை, டாக்டர் எல்லாம் தனிக் காசு. அப்பாவுக்கு ஒரு பழக்கம், யார் எதை நீட்டினாலும் வாங்கிக்கொள்வார். அறை அட்டையைத் தேய்த்துவிட்டுப் போவார்கள், கடைசி நாளில்தான் பில் வரும். ஆகவே அட்டையை அவர்களிடம் கொடுக்கும் முன் இதை விளக்கிவிடுங்கள்.

வைசாக்கில் கப்பல்காரர்களே ஏற்பாடு செய்யும் சுற்றுலாவில் தலைக்கு இவ்வளவு என்று காசு. தனியாக வண்டி பிடித்தால் மொத்த வண்டிக்கும் ஒரே தொகை. எங்களுக்கு வண்டி, பார்க்கிங், மலைப்பாதைக் கட்டணம், ஓட்டுநருக்குச் சாப்பாட்டுக் காசு எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய்க்குள் முடிந்தது. ஆனால் ஒரு வித்தியாசத்தை மறக்கக் கூடாது. கப்பலின் சொந்தச் சுற்றுலாப் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்கள் தனியாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. அப்படியும் நான் தனி வண்டியைத்தான் சொல்வேன். நாற்பது பேர் பஸ்ஸில் ஏறி இறங்கும் வேகத்துக்கு அம்மாவால் ஓட முடியாது. நடுவில் கழிப்பறைக்கு நிறுத்தச் சொல்லவும் கூச்சப்படுவார்.

5. மருந்துப் பை

பெரிய பெட்டியைக் கப்பல் ஏறும்போது வாங்கிக்கொண்டு, பிறகுதான் அறைக்கு அனுப்புவார்கள். சில மணி நேரம் ஆகும். மருந்து எதுவும் அதில் இருக்கக் கூடாது. பயண நாள்களுக்கு வேண்டியதைப் போல இரண்டு மடங்கு மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள், கூடவே டாக்டர் சீட்டு. இன்சுலின் போடுகிறவர்கள் அறையில் ஃபிரிட்ஜ் உண்டா என்று முன்பே கேளுங்கள். இல்லையென்றால் கப்பலின் மருத்துவ அறையில் வைத்துக் கொடுக்கக் கேட்கலாம். கரையில் சுற்றும்போது வெயிலில் நிற்கும் வண்டிக்குள் இன்சுலினை விட்டுவிடாதீர்கள்.

ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நிறையப் பேர். காலையில் போட்டால் அடுத்த சில மணி நேரம் அடிக்கடி போக வேண்டும், நீங்களோ அந்த நேரத்தில் மலைப்பாதையில் இருப்பீர்கள். கரை இறங்கும் நாளுக்கு மட்டும் நேரத்தை மாற்றலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கடல் குமட்டலுக்கு மெடிக்கலில் சாதாரணமாகக் கொடுக்கும் அவோமின் போன்ற மாத்திரை வயதானவர்களைத் தள்ளாட வைக்கும். புராஸ்டேட் தொல்லை உள்ளவர்களுக்குச் சிறுநீர் அடைக்கலாம், கண்ணில் அழுத்தம் உள்ளவர்களுக்கும் ஆகாது. அதையும் டாக்டரிடமே கேட்டு வாங்குங்கள். எங்கள் அம்மா எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே சமாளித்துவிட்டார்.

6. ஊரிலிருந்து துறைமுகம்

ஏகாம்பரகுப்பத்திலோ புத்தூரிலோ ரயில் ஏறினால் காசு குறைவு. ஆனால் சென்னையில் இறங்கி, பெட்டியோடு மறுபடி ஆட்டோ பிடித்து, ராஜாஜி சாலை நெரிசலில் துறைமுகத்துக்குப் போக வேண்டும். பெட்டியும் சக்கர நாற்காலியும் இருந்தால் வீட்டு வாசலிலிருந்தே கார்தான் சரி. துறைமுகத்துக்குப் பல கேட்கள் உண்டு. உங்கள் போர்டிங் பாஸில் போட்டிருக்கும் கேட்டை ஓட்டுநருக்கு முன்பே சொல்லிவிடுங்கள், தப்பான கேட்டில் இறங்கினால் வெயிலில் நீண்ட நடை.

செக்-இன் நேரம் அறை வகையைப் பொறுத்துத் தருவார்கள். கொடுத்த நேரத்துக்கு ரொம்ப முன்னால் போனாலும் உட்கார்ந்துதான் இருக்க வேண்டும். சக்கர நாற்காலி வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் செக்-இன்னிலிருந்து அறை வரை தள்ளிக்கொண்டு போய் விடுவார்கள். அது கப்பலில் ஏற்ற இறக்கத்தான், வைசாக் ஊருக்குள் எடுத்துப் போகக் கொடுக்க மாட்டார்கள். மடக்குகிற நாற்காலி சாதாரண வகை 6,000, 7,000 ரூபாயிலிருந்து கிடைக்கிறது. வாடகைக்கும் எடுக்கலாம். "நான் என்ன நொண்டியா" என்று அப்பா கோபித்துக்கொண்டார். பரவாயில்லை என்று எடுத்துப் போனேன். முதல் நாள் பைகளை வைத்துத் தள்ளினோம், அப்புறம் அவரே உட்கார்ந்துகொண்டார்.

7. வைசாக் வரும் காலை

சென்னைக்கும் வைசாக்குக்கும் நடுவில் பெரும்பாலும் ஒரு முழுநாள் கடலிலேயே போகும். அன்றைக்குப் பெற்றோரை ஆட்டம் பாட்டம் என்று இழுக்காமல் ஓய்வெடுக்க விடுங்கள்.

மறுநாள் கப்பல் துறைமுகத்துக்குள் நுழையும்போது அவர்களை மேல்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். வைசாக்கிலேயே நல்ல காட்சி அதுதான், காலணா செலவில்லை, ஒரு படி ஏற வேண்டாம். கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிற பெரிய பாறை மலைதான் டால்பின்ஸ் நோஸ், மேலே கலங்கரை விளக்கம். நம் நகரிக்கும் ஒரு மூக்கு மலை உண்டு என்பதால் அப்பா அதைப் பார்த்ததும் சொந்த ஊர் பெருமையைத் தொடங்கிவிட்டார். துறைமுகக் கால்வாயை ஒட்டி வரிசையாக மூன்று குன்றுகள். ஒன்றில் வெங்கடேஸ்வரர் கோயில், ஒன்றில் மாதா கோயில், ஒன்றில் தர்கா. மூன்றையும் ஏறிப் பார்க்க முடியாதவர்கள் தூரத்திலிருந்தே கும்பிட்டுக்கொள்ளலாம்.

ஆனால் கேமராவில் கவனம். பக்கத்திலேயே கடற்படைத் தளம். கடற்படைக் கப்பல்களையும் பாதுகாப்புப் பகுதிகளையும் படம் எடுக்காதீர்கள். பேரன் டிரோன் கொண்டுவந்தால் வீட்டிலேயே வைக்கச் சொல்லுங்கள்.

கப்பல் நின்றதும் எல்லாரும் லிஃப்டை மொய்ப்பார்கள். அரை மணி நேரம் பொறுத்து இறங்கினால் நெரிசல் இருக்காது. கப்பலிலிருந்து கரைக்குப் போடும் நடைபாலத்தின் சரிவு கடலின் ஏற்ற வற்றத்தைப் பொறுத்து மாறும். காலையில் சமமாக இருந்தது சாயங்காலம் செங்குத்தாக இருக்கலாம். அம்மா முன்னால், நீங்கள் பின்னால் என்று ஏறுங்கள். இறங்கும்போது நீங்கள் முன்னால். புடவைக் கொசுவம் காலில் மாட்டும், அன்றைக்கு மட்டும் சுடிதார் போட ஒத்துக்கொண்டால் நிம்மதி. எங்கள் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

இறங்கும்போது கையில் இருக்க வேண்டியவை: கப்பல் அட்டை, அசல் அடையாள அட்டை, அன்றைய மருந்து, கப்பலின் தொடர்பு எண் எழுதிய தாள். இவை இல்லாமல் திரும்பி உள்ளே வர முடியாது, அல்லது வருவதற்குள் அழவேண்டி வரும். பெற்றோர் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும், முந்தானை முடிச்சிலும் உங்கள் போன் எண் இருக்கட்டும்.

8. வண்டி

வைசாக்கில் புதிய பயணியர் கப்பல் முனையத்தை 2023 செப்டம்பரில் திறந்தார்கள். ஆனாலும் அது மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை காவல் காக்கும் துறைமுகத்துக்குள் இருக்கிறது. நீங்கள் செயலியில் கூப்பிடும் வண்டி முனைய வாசலுக்கு வந்து நிற்கும் என்று எண்ணிவிடாதீர்கள். எங்கள் ஓட்டுநர் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு "வந்துட்டேன் சார்" என்று தெலுங்கில் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் உள்ளே வெயிலில் நின்றோம். வண்டியை ஒரு வாரம் முன்பே பேசி, உள்ளே வர அனுமதி எடுத்துவிட முடியுமா, முடியாவிட்டால் எந்த கேட்டில் சந்திப்பது என்று கேட்டு வையுங்கள். கேட் வரை போக என்ன ஏற்பாடு என்று முந்தின நாள் கப்பல் வரவேற்பறையிலும் விசாரியுங்கள்.

"8 மணி நேரம், 80 கி.மீ." என்கிற வாடகைக் கணக்கு நமக்குச் சரியாக இருக்கும். துறைமுகம், சிம்மாசலம், கைலாசகிரி, கடற்கரை என்று முழுச் சுற்று சுற்றினாலும் 80 கி.மீ.க்குள் அடங்கும். ஏ.சி. உண்டா, மலையில் ஏ.சி. போட்டால் கூடுதல் காசா, பார்க்கிங் யார் பொறுப்பு என்பதைப் பேசும்போதே முடித்துக்கொள்ளுங்கள்.

பெரிய வண்டி வசதி என்று இன்னோவா கேட்பார்கள். குள்ளமான அம்மாக்களுக்கு அதன் படி உயரம். தாழ்வான சின்னக் காரில் ஏறுவது சுலபம், முட்டியை மடக்கி எழுவதுதான் கஷ்டம். எர்டிகா போன்ற நடுத்தர உயரமே எங்களுக்கு ஒத்துவந்தது. டிக்கியில் சக்கர நாற்காலி மடக்கி வைக்க இடம் வேண்டும், பின்வரிசை இருக்கையை மடக்கிவிடச் சொல்லுங்கள்.

நமக்குத் தெலுங்கு தெரியும் என்பது பெரிய பலம். ஆனால் நம் சித்தூர்த் தெலுங்கைக் கேட்டதும் "திருப்பதி பக்கமா" என்று கேட்டு ஓட்டுநர் ஊர்க்கதை தொடங்குவார், அதில் அரைமணி போகும்.

9. எந்த மலை?

இரண்டில் ஒன்று.

கோயில்தான் முக்கியம் என்கிற பெற்றோருக்குச் சிம்மாசலம். மலைமேல் வரை வண்டி போகிறது. அடிவாரச் சாவடியில் கட்டணம் கட்டி ஏற வேண்டும். தேவஸ்தானப் பஸ்ஸும் உண்டு. அடிவாரத்திலிருந்து ஆயிரத்துக்கு மேல் படிகள் உள்ள பாதை ஒன்றும் இருக்கிறது, அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்க வேண்டாம். மேலே வண்டி நிற்கும் இடத்திலிருந்து சன்னிதி வரை கொஞ்சம் நடையும் படிகளும் உண்டு. வெயில் நாளில் கல் தரை சுடும், பருத்திச் சாக்ஸ் இரண்டு ஜோடி எடுத்துப் போங்கள். சர்க்கரை உள்ளவர்கள் காலில் கொப்புளம் வந்தால் ஆறாது. சிறப்பு தரிசனச் சீட்டு வாங்கிவிடுங்கள், இங்கே காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். மூத்தவர்களுக்குத் தனி வழி விடுவார்களா என்று தகவல் கவுன்டரில் ஒரு வார்த்தை கேளுங்கள். பகலில் நைவேத்தியத்துக்காகத் தரிசனத்தை நிறுத்துவதுண்டு, ஆகவே கப்பலிலிருந்து நேராக இங்கேதான் வர வேண்டும், கடற்கரையைச் சுற்றிவிட்டு வரக்கூடாது. சனி, ஞாயிறு என்றால் கூட்டம் இரட்டிப்பு.

இன்னொன்றையும் முன்பே சொல்லிக் கூட்டிப் போங்கள்: வராக லட்சுமி நரசிம்மர் வருஷம் முழுக்கச் சந்தனக் காப்புக்குள்தான் இருப்பார், பார்ப்பதற்கு லிங்கம் போலத் தெரியும். "சாமி முகமே தெரியலையே" என்று அம்மாவுக்கு முதலில் ஒரே ஏமாற்றம். வெளியே வந்தால் அன்னாசிப்பழம் விற்பார்கள். சிம்மாசல மலை அன்னாசிக்கும் செண்பகப் பூவுக்கும் பேர்போனது. வாங்கி அங்கேயே வெட்டிச் சாப்பிடுங்கள், கப்பலுக்குள் வெளிச் சாப்பாட்டை விடமாட்டார்கள். சர்க்கரைக்காரர்களுக்கு ஒரு துண்டு போதும்.

காற்று வாங்கி, கடல் பார்த்து உட்கார்ந்தால் போதும் என்கிறவர்களுக்குக் கைலாசகிரி. மேலே வரை கார் போகிறது. ரோப் காரும் உண்டு, பிள்ளைகளுக்கு அது குஷி. பெற்றோருக்கு வேண்டாம் என்பது என் எண்ணம்: வரிசையில் நிற்க வேண்டும், ஆடும் பெட்டியில் சட்டென்று ஏறி இறங்க வேண்டும், காற்று பலமாக அடித்தால் நிறுத்திவிடுவார்கள், கார் வேறு கீழே மாட்டிக்கொள்ளும். மேலே பூங்காவுக்குள் சமதளமான நடைபாதை, பெரிய சிவன் பார்வதி சிலை, நிழலில் பெஞ்சுகள். மலையைச் சுற்றி ஓடும் பொம்மை ரயிலில் மட்டும் ஏற்றிவிடுங்கள். நடக்காமலே நாலு பக்கத்துக் கடலும் ஊரும் தெரியும். சனி, ஞாயிறில் ரயிலுக்குச் சீட்டு வாங்க வரிசை நிற்கும், நீங்கள் நில்லுங்கள், அவர்கள் பெஞ்சில் இருக்கட்டும்.

இரண்டு மலையும் வேண்டும் என்று அடம்பிடித்தால் சிம்மாசலம் முதலில், மதியச் சாப்பாட்டுக்கும் ஒரு மணி நேர ஓய்வுக்கும் பிறகு கைலாசகிரி. ஆனால் அப்போது கடற்கரையை வண்டியிலிருந்தே பார்க்க வேண்டியதுதான்.

மறந்தும் ஒத்துக்கொள்ளக் கூடாதது அரக்கு. ஓட்டுநர்கள் எல்லாரும் "அரக்கு போகலாமா, பொர்ரா குகை போகலாமா" என்று கேட்பார்கள். அரக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல், மலைப்பாதை. போய்த் திரும்பினால் கப்பல் போயே போயிருக்கும். குகைக்குள் படி மேல் படி. அதை இன்னொரு தடவை ரயிலில் வந்து இரண்டு நாள் தங்கிப் பார்க்கலாம். தொட்லகொண்டா பௌத்த இடிபாடுகள் அழகான மலைமேல்தான் இருக்கின்றன, ஆனால் திறந்த வெயிலில் நடக்க வேண்டும். அதுவும் வேண்டாம்.

கடற்கரைக்குச் சாயங்காலம் வாருங்கள். ஆர்.கே. பீச் சாலையோரத் திண்ணையில் உட்கார்ந்தாலே போதும், மணலில் இறங்கினால் முட்டி வலிக்காரர்களுக்கு எழுந்திருப்பது பெரும்பாடு. குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலுக்குள் குனிந்து, வட்டமான சிறு வாசல்களில் காலைத் தூக்கிப்போட்டு நுழைய வேண்டும், நடுவில் திரும்பவும் முடியாது. பெற்றோரை வெளியே யாராவது ஒருவரோடு உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் போய்வாருங்கள். முரி மிக்சர் (மசாலாப் பொரி) வாங்கிக் கொடுங்கள், பச்சை மிளகாயைக் குறைக்கச் சொல்லி.

அவசரத்துக்கு 108 இங்கேயும் ஓடுகிறது. பெரிய அரசு மருத்துவமனையான கிங் ஜார்ஜ் கடற்கரைப் பக்கத்திலேயே இருக்கிறது.

10. திரும்புதல்

கப்பல் கிளம்பும் நேரம் வேறு, எல்லாரும் உள்ளே இருக்க வேண்டிய நேரம் வேறு. இரண்டாவதுதான் உங்களுக்கு முக்கியம், இறங்கும்போது அதை எழுதிக்கொள்ளுங்கள். அதற்கும் ஒன்றரை மணி நேரம் முன்பு துறைமுக கேட்டில் இருங்கள். கேட்டில் சோதனை, முனையத்தில் சோதனை, நடைபாலத்தில் மூச்சு வாங்க நிற்பது என்று நேரம் கரையும். தப்பித் தவறிக் கப்பலை விட்டுவிட்டால் வைசாக்கிலிருந்து சென்னைக்கு ராத்திரி ரயில்கள் உண்டு. அறுபதைத் தாண்டிய ஆண்களுக்கும் நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்களுக்கும் கீழ் படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது, மூத்தோர் கட்டணச் சலுகைதான் 2020இலிருந்து இல்லை. அடையாள அட்டையையும் அன்றைய மருந்தையும் கையில் வைக்கச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

சென்னையில் இறங்கும் காலையில் பெட்டிகளை முந்தின ராத்திரியே அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் போட வேண்டிய துணியையும் மருந்தையும் தனியாக எடுத்துவிட்டுக் கட்டுங்கள். ஊருக்குத் திரும்பும் காரை, கப்பல் வந்து சேரும் நேரத்துக்கு வரச் சொல்லாமல் இரண்டு மணி நேரம் தள்ளி வரச் சொல்லுங்கள். காத்திருப்புக் கட்டணம் மிச்சம், பெற்றோரும் கடைசிக் கூட்டத்தோடு மெதுவாக இறங்கலாம்.